பல் போன லேத்: ஊன்றுவதா, வெட்டுவதா, மெஷினையே மாற்றுவதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி, மூக்கையூர் என்று விசைப்படகு நிற்கிற ஊரெல்லாம் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலமும் அதுதான். புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டெர்ன் புஷ், கப்ளிங், வின்ச் உருளை எல்லாம் ஒரே நேரத்தில் லேத் பட்டறை வாசலில் வந்து விழும். இவற்றில் பெரும்பாதி, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பேக் கியர் போட்டு மெதுவாக ஓட்ட வேண்டிய வேலை. வயதான மெஷினில் கியர் பல் உடைந்து போவதும் சுமை ஏறுகிற இந்தச் சமயத்தில்தான்.

போன பிறகு வழிகள் ஐந்து. உடைந்த பல்லை ஊன்றலாம். காயலான் மெஷினிலிருந்து பழைய கியர் தேடலாம். புதிதாக வெட்டலாம். நைலானிலோ, பிசின் ஊட்டிய அடுக்குத் தகடான ஹைலத்திலோ செய்து போடலாம். மெஷினையே தள்ளிவிட்டு வேறு வாங்கலாம். விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: பெட் (டூல் ஏறி ஓடும் அடித் தண்டவாளம்) எந்த நிலையில் இருக்கிறது, போனது எந்தக் கியர். இவை தெரிந்தால் ஐந்தில் மூன்று தாமாகவே விலகிவிடும்.

முதலில் பெட்டைப் பாருங்கள்

பெட், வேலையைப் பிடித்துச் சுற்றும் சக் பக்கம்தான் தேயும். வேலை நடப்பது அங்கேதான். இதற்கு டயல் கேஜ்கூட வேண்டாம். டூலைத் தாங்கும் கேரேஜை சக்குக்கு அருகில் நிறுத்தி, அதன் அடித்தகட்டையும் கிப் பட்டையையும் ஆட்டம் இல்லாமல் இறுக்குங்கள். பிறகு கைச்சக்கரத்தால், மறுமுனையில் நிற்கும் டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். கடைசிவரை ஒரே மாதிரி ஓடினால் தேய்மானம் குறைவு. பாதி வழியில் சிக்கி நின்றால், தேயாத பகுதிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.

அளவாகத் தெரிய வேண்டுமானால் 40 மி.மீ. ராடு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலர் (வளைய மேடு) விட்டு, டூலை அசைக்காமல் இரண்டிலும் மெல்லிய கடைசி வெட்டு ஒன்று எடுங்கள். இரண்டு விட்டத்துக்கும் 0.02, 0.03 மி.மீ. வித்தியாசம் என்றால் படகு வேலைக்குத் தாராளம். 0.10-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

யோசிப்பதற்கு முன் ரசமட்டம் வையுங்கள். கடலோரத்தில் பல பட்டறைகள் மணல் தரையில் மெல்லிய கான்கிரீட் போட்டு நிற்கின்றன. ஒரு கால் இறங்கினால் பெட் முறுக்கிக்கொள்ளும், வேலை ஒரு முனையில் பெருத்து டேப்பர் விழும். அதைத் தேய்மானம் என்று நினைத்து மெஷினைக் கழித்துக் கட்டியவர்கள் உண்டு. கொத்தனார் மட்டம் இதற்கு உதவாது. ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் மட்டம் வேண்டும். மட்டம் பிடித்த பிறகும் டேப்பர் அப்படியே இருந்தால்தான் அது பெட்டின் குற்றம்.

அடுத்தது, சக்கைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டில். சக்கைக் கழற்றி, ஸ்பிண்டில் மூக்கின் மேல் டயல் வைத்து, மரக்கட்டையால் அடியிலிருந்து நெம்புங்கள். பெல்ட்டில் ஓடும் பழைய கோன் புல்லி லேத்களில் கன்மெட்டல் புஷ்தான் இருக்கும். முன் புஷ் தேய்ந்தால் ஒவ்வொரு வெட்டிலும் ஸ்பிண்டில் எழுந்து உட்காரும். அதோடு ஸ்பிண்டிலில் உள்ள பெரிய கியருக்கும் பேக் கியருக்கும் நடுவே உள்ள தூரமும் மாறிக்கொண்டே இருக்கும். பல் போனதற்குக் காரணமே இதுவாக இருந்தால், எவ்வளவு நல்ல கியர் வெட்டிப் போட்டாலும் அடுத்த தடைக்காலத்தில் மறுபடி இதே கதைதான். பேக் கியர் ஓடும் எக்ஸென்ட்ரிக் ஷாஃப்டின் புஷ்ஷும் அப்படியே. அது தேய்ந்திருந்தால் கியர் சாய்ந்து ஓடும், பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் சுமை ஏறும், உடைவதும் அந்த ஓரத்திலிருந்தே தொடங்கும். உடைந்த பல்லின் முறிவைப் பாருங்கள்: ஒரு ஓரம் கருத்துப் பழசாகவும் மற்றது வெள்ளையாகப் புதிதாகவும் இருந்தால், விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது.

எந்தக் கியர், ஏன் போனது

பேக் கியரில் பல் போவதற்கு வெட்டுச் சுமையைவிடப் பெரிய காரணம் சக் கழற்றுவது. மறைபோட்ட (திருகு வெட்டிய) மூக்கில் சக் இறுகிவிட்டால், புல்லியைப் பெரிய கியரோடு பூட்டும் நேரடிப் பின்னையும் பேக் கியரையும் சேர்த்துப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, நீளமான பைப்பை மாட்டி இழுப்பார்கள். அந்த இழுப்பு முழுவதையும் ஒன்றிரண்டு பற்கள் தாங்க வேண்டும். உப்புக் காற்றில் மறை துருப்பிடித்து இறுகுவது இங்கே சாதாரணம் என்பதால் இந்த உடைப்பும் சாதாரணம். பெட்டின் பின்பக்கத் தண்டவாளத்தில் மரக்கட்டை வைத்து, சக் தாடை ஒன்று அதில் மோதும்படி பெல்ட்டைக் கையால் பின்னோக்கிச் சுண்டி இழுத்தால் பல்லுக்குச் சேதம் இல்லை. மறையில் எண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவிடுவதும் உதவும்.

வெட்டும் மறைக்கு ஏற்பக் குவாட்ரன்ட்டில் மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர்கள் உடைவதைவிடத் தேய்வதே அதிகம். மூடி இல்லாமல் ஓடும் மெஷினில் கச்சான் காற்று கொண்டுவரும் மணலும் வார்ப்பிரும்புத் தூளும் கிரீஸில் ஒட்டிச் சாணைக் களிம்பாகவே மாறிவிடும். பாம்பன் பாலத்தின் இரும்பை அரிக்கிற அதே காற்றுதான், சுவரில் ஆணியடித்து மாட்டிய மாற்றுக் கியர்களையும் புள்ளி புள்ளியாக அரிக்கிறது. டம்ளர் கியர்களைக் கெடுப்பது ஓட்டத்தில் இருக்கும்போதே திசை மாற்றும் பழக்கம். கேரேஜின் முன்பக்கப் பெட்டியான ஏப்ரன் உள்ளே இருக்கும் கியர் போனால், கேரேஜ் சக்கிலோ சென்டரிலோ மோதியதா என்று முதலில் விசாரியுங்கள்.

பல் ஊன்றுவது

வார்ப்பிரும்புக் கியரில் ஒன்று, மிஞ்சினால் அடுத்தடுத்து இரண்டு பல் போயிருந்து, மற்றவை நல்ல வடிவத்தில் இருந்தால் மட்டுமே இது வழி. தேய்ந்த கியரில் பல் ஊன்றுவது கூலிக்குக் கேடு.

செய்யும் விதம்: உடைந்த இடத்தை அரத்தால் சமதளமாக்க வேண்டும். 2.5 மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் மி.மீ. அளவு), 25 மி.மீ. அகலமுள்ள பல் என்றால் 8 மி.மீ. இடைவெளியில் மூன்று துளை, 3.3 மி.மீ. டிரில், எம்4 டாப். பல்லின் அடியில் கியர் விளிம்பு குறைந்தது 8 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டாப் போடும்போதே விளிம்பு விரியும். எஃகு ஸ்டட்களை இறுக்கி, பல்லின் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, சுற்றிலும் பித்தளைக் கம்பியும் வெங்காரமும் கொண்டு பிரேசிங் செய்து நிரப்ப வேண்டும். பழைய கியருக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். முதலில் மெதுவாகச் சுடவைத்து அந்தப் புகை முழுவதும் போன பிறகுதான் பித்தளை ஒட்டும். முடிந்ததும் சுடு மணலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மறுநாள்தான் எடுக்க வேண்டும். நல்ல இரண்டு பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வடிவில் மெல்லிய தகடு வெட்டி, அதை வைத்துப் பார்த்துப் பார்த்து அரம் போட்டால் பல் வந்துவிடும்.

சாதாரண ஆர்க் ராடால் வெல்டிங் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். வெல்டிங் ஓரத்தில் வார்ப்பிரும்பு கண்ணாடி போல் கடினமாகும், அரம் வழுக்கும், ஆறும்போது சுருங்கிப் பக்கத்துப் பல்லின் வேரில் விரிசல் விழும். ஒரு பல் போட வந்த கியர் மூன்று பல் இல்லாமல் திரும்பிப் போகும். வெல்டிங்தான் என்றால் நிக்கல் ராடு வேண்டும், அதுவும் சிறு சிறு துண்டாக வைத்து, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு.

ஒழுங்காக ஊன்றிய பல் சில மாதங்கள் ஓடும், லேசான வேலை என்றால் வருஷக்கணக்கிலும் ஓடும். ஆனாலும் இதைத் தடைக்காலத்தைத் தாண்டுவதற்கான ஏற்பாடாக மட்டுமே எண்ண வேண்டும். இரண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட்டில் கரடு வெட்டு எடுக்கும் மெஷினுக்கு இது நிரந்தரம் ஆகாது.

பழைய கியர் தேடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே மேக், அதே மாடல் மெஷின் உடைபட்டிருந்தால் மதுரையிலோ கோவையிலோ கிடைக்கலாம். துளை பெரிதாக இருந்தால் புஷ் அடித்துக் குறைக்கலாம். ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், ஜோடியாக வாங்குங்கள். சேர்ந்து தேய்ந்த கியர்கள் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். தனியாக வந்த பழைய கியர் உங்கள் பழைய கியரோடு சேரும்போது கத்தும்.

புதிதாக வெட்டுவது

பெட் தேறிவிட்டால் என் ஓட்டு இதற்குத்தான். இதில் காசு வீணாவது வெட்டும் இடத்தில் இல்லை, அளவு கொடுக்கும் இடத்தில்.

பல்லை எண்ணுங்கள்; நுனிக்கு நுனி விட்டத்தை அளவெடுங்கள். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, வந்த எண்ணால் விட்டத்தை வகுத்தால் மாட்யூல். 40 பல், 84 மி.மீ. என்றால் 84-ஐ 42-ஆல் வகுக்க 2 மாட்யூல். அதே 40 பல்லுக்கு 88.7 மி.மீ. வந்தால் விடை 2.11, அப்படி ஒரு மாட்யூல் கிடையாது. அது அங்குல அளவு மெஷின்: 25.4-ஐ 12-ஆல் வகுத்தால் 2.117, ஆக 12 டி.பி. (டயமெட்ரல் பிட்ச், அங்குலக் கணக்கில் பல்லின் அளவு). தேயாத நிலையில் அதன் விட்டம் 88.9 மி.மீ. இருந்திருக்கும். அதிகம் ஏமாற்றுவது 10 டி.பி.யும் 2.5 மாட்யூலும். 40 பல்லில் ஒன்று 106.7, மற்றது 105 மி.மீ. நுனி தேய்ந்த கியரை அளந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மாற்றி வெட்டினால் சுற்றும், ஆனால் பல்லைத் தின்றுகொண்டே சுற்றும். சந்தேகம் இருந்தால் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்ள மையத் தூரத்தை அளந்து சரிபாருங்கள்: இரண்டு கியரின் பல்லையும் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, பாதியாக்கினால் அந்தத் தூரம் வர வேண்டும்.

ஒற்றைப்படைப் பல் என்றால் நுனிக்கு நேர் எதிரே பள்ளம் இருக்கும். வெர்னியர் குறைத்துக் காட்டும். துளை ஓரத்திலிருந்து பல் நுனி வரை அளந்து, துளையின் பாதியைச் சேர்த்து, இரட்டிப்பாக்குங்கள். பேக் கியரில் முன் ஜோடியும் பின் ஜோடியும் ஒரே அளவுப் பல் என்று எண்ண வேண்டாம். சக் பக்க ஜோடிக்குப் பெரிய பல் இருக்கலாம்.

பல்லின் சாய்கோணமும் (பிரஷர் ஆங்கிள்) கேட்டு வாங்க வேண்டிய விஷயம். பழைய அங்குல லேத்களில் 14.5 டிகிரி அதிகம், இப்போது வெட்டுவது 20 டிகிரி. சொல்லாவிட்டால் 20-தான் வரும். மாதிரிக் கியர் அனுப்பும்போது, ஜோடிக் கியர் தொடாத ஓரத்தில் தேயாமல் நிற்கும் சிறு பட்டையைச் சாக்பீஸால் குறித்து அனுப்புங்கள். அசல் வடிவம் அங்கேதான் இருக்கும்.

மில்லிங் மெஷினில் வெட்டினால் கட்டர் எண் பற்றி ஒரு வார்த்தை. எட்டு கட்டர் கொண்ட செட்டில் டி.பி. வரிசையும் மாட்யூல் வரிசையும் நேர் எதிர். 22 பல் பினியனுக்கு (ஜோடியில் சிறிய கியர்) டி.பி. செட்டில் 5-ஆம் எண், மாட்யூல் செட்டில் 4-ஆம் எண். 40 பல்லுக்கு டி.பி.யில் 3, மாட்யூலில் 6. எண்ணை நம்பாமல் கட்டர் மேல் பொறித்திருக்கும் பல் வீச்சைப் படிக்க வேண்டும். ஆழமும் அதிலேயே இருக்கும்; 12 டி.பி.க்குச் சுமார் 4.57 மி.மீ. வெட்டும் கியரைப் பல் பல்லாகத் திருப்பும் டிவைடிங் ஹெட் 40-க்கு 1 என்பதால் 40 பல் கியரில் பல்லுக்கு ஒரு முழுச் சுற்று; 22 பல்லுக்கு ஒரு சுற்றும் 33 துளை வட்டத்தில் 27 துளையும். ஹாப் என்ற சுழலும் கட்டரால் பல் வெட்டும் ஹாப்பிங் மெஷின் உள்ள இடம் கிடைத்தால் அதுவே மேல். ஒரே ஹாப் எல்லாப் பல் எண்ணிக்கைக்கும் சரியான வடிவம் தரும், கூலியும் பெரும்பாலும் குறையும். ஆனால் மாட்யூல் ஹாப் மட்டும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு, டி.பி. ஹாப் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

அங்குல லீட் ஸ்க்ரூ (மறை வெட்டும்போது கேரேஜை இழுக்கும் திருகுத் தண்டு) உள்ள மெஷினில், மி.மீ. மறை வெட்ட உதவும் 127 பல் கியர் காணாமல் போயிருந்தால் தனித் தலைவலி. டிவைடிங் ஹெட்டோடு வரும் துளைத் தட்டுகளில் 127-க்கு வட்டம் கிடையாது. டிஃபரன்ஷியல் முறையில்தான் வெட்ட வேண்டும், அல்லது ஹாப்பிங். 63 பல் கியரை வைத்தும் சமாளிக்கலாம். 4 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 4 மறை) லீட் ஸ்க்ரூவில் 2 மி.மீ. மறைக்கு ஓட்டும் கியர் 63-ம் 40-ம், ஓடும் கியர் 80-ம் 100-ம். பிழை 0.0125 சதவீதம், 50 மி.மீ. நீள நட்டுக்கு அது ஆறு மைக்ரான். எஞ்சின் போல்ட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிளாங்கை (பல் வெட்டாத வட்டை) நீங்களே கடைந்து, பல்லை மட்டும் வெட்டி வாங்குவது நல்லது. பேக் கியர் போனாலும் நேரடி ஓட்டத்தில் பிளாங்க் கடையலாம். துளையும் ஒரு முகமும் ஒரே பிடியில் முடியட்டும். பிறகு மாண்ட்ரலில் ஏற்றி வெளிவிட்டம் எடுங்கள். துளைக்கும் வெளிவிட்டத்துக்கும் மையம் விலகினால் கியர் ஒரு சுற்றுக்கு ஒரு முறை இறுகித் தளரும்.

எந்த இரும்பு? பேக் கியர் பினியனுக்கு ஈ.என்.24 என்ற கலப்பு எஃகு, முன்பே பதப்படுத்தி விற்கும் டி நிலை. அதை அப்படியே வெட்டலாம், வெட்டிய பிறகு ஹீட் டிரீட்மென்ட் வேண்டாம். பல் வெட்டிவிட்டுக் கடினமாக்கினால் கோணிக்கொள்ளும். அதைச் சாணை பிடிக்க வசதி இல்லாவிட்டால் இரைச்சல்தான் மிச்சம். அதோடு சேரும் பெரிய கியர் வார்ப்பிரும்பாகவே இருக்கட்டும். சிறிய கியரின் பல்தான் அதிக முறை அடிபடுகிறது, அதற்குத்தான் வலு வேண்டும். டம்ளர் கியருக்குச் சாதாரண கார்பன் எஃகான ஈ.என்.8 போதும். சேஞ்ச் கியரை ஈ.என்.24-இல் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேரேஜ் மோதும்போது அங்கே ஒரு கியர் உடைவது நல்லது. அது உடையாவிட்டால், லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கும் ஹாஃப் நட்டோ ஏப்ரனோ உடையும்.

நைலான், ஹைலம்

சேஞ்ச் கியர் வரிசையில் ஒன்றை மட்டும் ஹைலத்தில் போடுவது கெட்டிக்காரத்தனம். சத்தம் குறையும், மோதினால் அது மட்டும் போகும். நைலான் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். கடற்கரைக் காற்றில் பல் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடாவிட்டால் மழைக்காலத்தில் இறுகும். டெல்ரின் பிளாஸ்டிக் அந்த வகையில் தேவலை. பேக் கியரில் இவை எதையும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

மெஷினையே மாற்றுவது

காலர் சோதனையில் வித்தியாசம் 0.10-க்கு மேல் வரும்படி பெட் தேய்ந்து, ஸ்பிண்டிலும் ஆடி, லீட் ஸ்க்ரூவும் சக் பக்கம் மெலிந்திருந்தால், கியருக்குச் செலவழிப்பது வீண். பெட் கிரைண்டிங் ஒரு வழிதான். ஆனால் பெட்டைச் சாணை பிடித்தால் கேரேஜ் கீழே இறங்கும். லீட் ஸ்க்ரூவும் ஏப்ரனும் நேர்கோட்டில் நிற்காது. கேரேஜின் அடியில் டர்சைட் (வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டி உயர்த்தி, டெயில்ஸ்டாக்கையும் அதே அளவு தூக்க வேண்டும். கிரைண்டிங் கூலியை மட்டும் கேட்டுவிட்டு இறங்குபவர்கள் இந்த இரண்டாவது செலவில்தான் மாட்டுகிறார்கள்.

புதிய மெஷின் என்றால் பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் தயாரிப்புகள் கைக்கு எட்டும் விலையில் வரும். பெரும்பாலும் மாட்யூல், உதிரி கிடைக்கும். லேசான மாடல்களில் பெட் கடினப்படுத்தியதா என்று எழுத்தில் கேளுங்கள். அதே பணத்துக்குக் கோவைப் பக்கம் கனமான பழைய ஆல் கியர்டு லேத் கிடைத்தால், ஷாஃப்ட் வேலைக்கு அதுவே மேல். மேலே சொன்ன சோதனைகளைப் பவர் போட்டு அங்கேயே செய்துவிட்டு முன்பணம் கொடுங்கள். எட்டடி கனமான லேத் ஒன்றரை, இரண்டு டன் வரும். லாரி வாடகை, கிரேன், புதிய கான்கிரீட் அடித்தளம் மூன்றையும் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். உங்கள் படகுக்காரர்களின் ஷாஃப்ட் நீளத்துக்குப் பெட் போதுமா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். ஆறடி லேத்தை ஆறடி லேத்தால் மாற்றுவதில் பல நேரம் அர்த்தமில்லை.

நேரக் கணக்கு விலையைவிட முக்கியம். தடைக்காலத்துக்குள் பல் போனால் ஊன்றி ஓட்டுங்கள், கையோடு அளவெடுத்துப் புதிய ஜோடிக்கு ஆர்டர் கொடுங்கள். கியர் கத்த ஆரம்பித்தது பிப்ரவரியிலேயே தெரிந்தால் ஊன்றும் பேச்சே வேண்டாம். வெட்டி வாங்க அவகாசம் இருக்கிறது.

மாட்டும்போது

புதிய கியரை மாட்டியதும் பல் இடையே செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கொடுத்துக் கையால் சுற்றுங்கள். தாள் மடிந்து வெளியே வர வேண்டும், கிழிந்து வரக்கூடாது. ஒரு சுற்று முழுவதும் நாலைந்து இடத்தில் இதைப் பாருங்கள். பிறகு பல்லில் மார்க்கிங் புளூ தடவி ஓட்டினால் நீலம் பல் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்காவது பரவ வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டினால் புஷ்ஷுக்குத் திரும்பிப் போங்கள். சுமையில்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, 68 கிரேடு எண்ணெய் விடுங்கள். திறந்த கியருக்குக் கிரீஸ் வேண்டாம். மூடி போடுங்கள், மூடிக்குள் எண்ணெய்.

கூலன்ட்டைப் போர் தண்ணீரில் கலக்கும் பழக்கமும் போக வேண்டும். ராமநாதபுரக் கடற்கரையில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், பெட்டில் மறுநாளே துரு பூக்கும். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள், எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள், தண்ணீரை எண்ணெயில் ஊற்றாதீர்கள்.